ஊருக்கு வாங்கினது

எங்கள் வீட்டுப் பெரிய அறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. பெரிய அறை என்று பேர்தான் பெரிசு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீட்டில் இருந்ததே அந்த ஓர் அறையும் பின்னால் ஒரு சமையல்கட்டும்தான். சின்ன அறை என்று ஒன்று இருந்தாலல்லவா இதைப் பெரிய அறை என்று சொல்ல? அதிலேதான் தூக்கம், அதிலேதான் சாப்பாடு. சாமி படம் அங்கே, துணி மடிப்பது அங்கே, என் வீட்டுக்காரர் முகம் வழிப்பது அங்கே, வந்தவர்களுக்குப் பாய் விரிப்பதும் அங்கேதான். இத்தனையும் போக மிச்சமிருந்த இடத்தில் ஊரான் வீட்டுப் பெட்டிகள் இருந்தன.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்ததுதான் நாங்கள் செய்த பாவம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது. செமினியிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் வேலை போனவர்கள் ரயிலேற வருவார்கள். சிலர் கப்பலுக்குப் போனார்கள், சிலர் வேறு தோட்டம் தேடிப் போனார்கள். போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, "அண்ணே, இந்தப் பெட்டி மட்டும் இங்க இருக்கட்டும், ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறேன்" என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு முடியாது என்ற சொல் வாயில் வராது. சிக்னல் கம்பிகளுக்கு எண்ணெய் போடுவது அவர் வேலை. அந்த எண்ணெயில் கொஞ்சம் நாக்கிலும் போட்டுக்கொண்டாரோ என்னவோ, "வச்சிட்டுப் போப்பா" என்பது மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு நாள் என்றவர்களின் பெட்டிகள் இரண்டு வருஷமாகக் கிடந்தன.

அவர் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார். எங்கள் பிள்ளை வளரவில்லை. பதினான்கு மாதத்தில், அடைமழைக் காலத்தில், குளிர்காய்ச்சல் வந்து போய்விட்டாள். அவள் உடம்பு நடுங்கியபோது போர்த்த வீட்டில் ஒரு கம்பளி இல்லை. அவருடைய வேலைக் கோட்டைப் போர்த்தினேன், அதற்கு மேல் கோணிப்பையைப் போர்த்தினேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டுத் தன் கம்பளியைக் கொண்டுவந்து சுற்றினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வெறுங்கையோடு திரும்பினோம். அந்தக் கம்பளியோடுதான் பிள்ளையை அடக்கம் செய்தது. அக்கா ஒரு நாளும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை.

எனக்கு ஊர் கிள்ளான். அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். அவருக்கு ஊர் கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டில் ஊர் என்றால் அது அவருடைய ஊர்தான். கடிதம் வந்தால் "ஊர்ல நல்ல மழையாம்" என்று சந்தோஷப்படுவார். இங்கே கூரை ஒழுகி நான் பாத்திரம் வைத்துக்கொண்டிருப்பேன். நல்ல சோப்பு வாங்கினால் அது ஊருக்கு. பிஸ்கட் டின் வாங்கினால் அது ஊருக்கு. நமக்கு ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டால், "நாம என்ன இங்கயேவா இருக்கப்போறோம்?" என்பார். கல்யாணமாகி எட்டு வருஷம் இந்தப் பதிலைக் கேட்டேன். வாங்கினதையெல்லாம் கப்பலுக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது மிஸ்ஸி வந்தாள். பிரசவம் பார்க்கிற அரசாங்க நர்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அறையைப் பார்த்தாள். பெட்டிமேல் பெட்டியாக ஒன்பது தகரப் பெட்டிகள், மூட்டைப்பூச்சியோடு சுருட்டிய இரண்டு மெத்தைகள், தோல் கிழிந்த மேளம் ஒன்று, சைக்கிள் இல்லாத சைக்கிள் சக்கரம் ஒன்று. அதற்கெல்லாம் நடுவே என் பாய்.

"இந்த ரூம்ல ஜன்னல் இல்லியா?" என்று கேட்டாள்.

ஜன்னல் இருந்தது. பெட்டி அடுக்குக்குப் பின்னால் இருந்தது. அதைத் திறந்து இரண்டு வருஷமாயிற்று என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சுருக்கமாகப் பேசினாள். ஜன்னல் திறக்க வேண்டும், தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும், இந்தக் குப்பைக்குள் அவள் பிள்ளை எடுக்க மாட்டாள். பத்து நாளில் திரும்ப வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரி என்றாலே எனக்குக் கை கால் ஓடாது. அந்த வாசற்படியை இன்னொரு முறை மிதிக்கக்கூடாது, இந்தப் பிள்ளையை என் வீட்டில், காற்று வருகிற இடத்தில் பெற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

அவரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மறுநாள் சொன்னேன். அடுத்தவன் பொருள், அவன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார். ஏழு நாள் பார்த்துக்கொண்டேயிருந்தார். எட்டாம் நாள் காலையில் அவர் வேலைக்குப் போனதும் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என்னைத் தள்ளி நிறுத்தினாள். "வயித்தப் புடிச்சிக்கிட்டு நீ நில்லு, எதுன்னு கையக் காட்டு, நான் இழுக்கறேன்" என்றாள்.

ஒவ்வொன்றாக வாசலுக்குப் போயிற்று. இழுக்க இழுக்க எனக்கு ஆத்திரம் ஏறியது. ஒரு பெட்டியில் வெறும் காலித் தகர டின்களாக இருந்தன. ஒருவன் ஒடிந்த குடைகளை மட்டும் மூன்று சேர்த்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தான். இந்தக் குடைக்கம்பிகளைக் காவல் காக்கவா நான் இரண்டு வருஷம் காற்றில்லாமல் கிடந்தேன்? மெத்தைகளை அக்கா காலால் தள்ளிக்கொண்டு போனாள். வேடிக்கை என்னவென்றால், சாமான் வாசலில் கிடக்கிறது என்ற செய்தி ஸ்டேஷனுக்கு எட்டியதும் அதுவரை வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். இரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்த மேளக்காரன் அரை மணி நேரத்தில் வந்து நின்றான். அவன் பங்சார் தோட்டத்தில்தான் இருந்தானாம், நடந்தே வந்துவிடுகிற தூரம். மேளத்தை யார் தொட்டது என்று என்னையே கேட்டான். நான்தான் தொட்டேன், இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் உன் மேளத்தை அடுப்பில் வைப்பேன் என்றேன். எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மணிக்குள் எட்டுப் பெட்டிகள் வெளியே போய்விட்டன. ஜன்னலுக்குக் கீழே அடியில் கிடந்த பச்சைப் பெட்டி மட்டும் பாக்கி. அது அவருடையது. கப்பலேறி வந்தபோது அவர் கொண்டுவந்தது, சாவி எப்போதும் அவர் அரைஞாணில் இருக்கும். உள்ளே ஊர் நிலத்துப் பத்திரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அக்கா ஒரு பக்கம் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, பத்திரம் இந்தக் கனமா கனக்கும் என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவர் வேலை முடிந்து வந்தார். வாசலில் கிடந்த மெத்தைகளைப் பார்த்து முகம் சுருங்கியது. நேரே உள்ளே வந்து, அந்தப் பெட்டியைத் தொடாதே என்றார். தொடாமல் எப்படி ஜன்னலைத் திறப்பது என்றேன். நானே நகர்த்துகிறேன் என்று இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். சுவரோரம் ஒழுகிய மழைத்தண்ணீர் வருஷக்கணக்காக அந்தத் தகரத்தைத் தின்றிருக்கிறது. பெட்டி மேலே போனது, அடித்தகடு தரையிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் எங்கள் காலடியில் கொட்டியது.

பத்திரம் எங்கே, எல்லாம் ஊர்தான் கொட்டியது. வெடித்துக் கல்லாகிப் போன சோப்புக் கட்டிகள், துருப்பிடித்த பிஸ்கட் டின்கள், ஈரத்தில் சாயம் இறங்கிய ஜப்பான் பட்டு. அவருடைய தம்பி பிள்ளைகளுக்கு என்று வாங்கிய சின்னச் சின்னச் சட்டைகள். அந்தப் பிள்ளைகள் இந்நேரம் மாடு மேய்க்கிற வயசில் இருப்பார்கள். யாரிடமும் எதையும் கொடுத்தனுப்பவில்லை. என்றைக்கோ ஒரு நாள் தானே தூக்கிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று நான் குழாயடிக்குப் போன நேரமெல்லாம் ஒளித்து ஒளித்துச் சேர்த்திருக்கிறார். இதற்கெல்லாம் மேலே, நனையாமல், கடைக்காரன் கட்டிய சணல் கூட அவிழ்க்காமல், ஒரு சிவப்புக் கம்பளி.

அக்காதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

"இது எப்ப வாங்கினது?" என்று கேட்டேன்.

"நம்ம கல்யாணம் ஆன வருஷம்."

"அப்ப, புள்ள நடுங்கினப்ப இது இங்கதான் இருந்துச்சா?"

அவர் பொய்யாவது சொல்லியிருக்கலாம். மறந்தே போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். "ஞாபகம் வந்துச்சு" என்றார். "அம்மாவுக்குன்னு, ஊருக்கு வாங்கினதாச்சேன்னு யோசிச்சேன். அதுக்குள்ள அக்கா கொண்டாந்துட்டாங்க."

இந்தக் கம்பளியைப் போர்த்தியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாள் என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலுக்குக் கம்பளி மருந்தில்லை என்று எனக்குத் தெரியும். என் வயிறு எரிந்தது அந்த யோசனைக்கு. பெற்ற பிள்ளை பல் கிட்டி நடுங்குகிறது, கைக்கெட்டுகிற தூரத்தில் கம்பளி இருக்கிறது, அதை எடுப்பதா வேண்டாமா என்று ஒரு மனுஷன் யோசித்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடிக்க வேண்டும் போல இருந்தது. பெருத்த வயிற்றோடு நின்ற இடத்திலிருந்து ஒன்று மட்டும் கேட்டேன்.

"நம்ம புள்ளைய எந்த ஊர்ல பொதைச்சோம்?"

நான் ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்தேன். துருவேறி அசையவில்லை. அவர் வந்து என்னை விலக்கிவிட்டு, வேலைக்கு வைத்திருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டு, தட்டித் தட்டித் திறந்தார். ரயில் புகையும் வெயிலும் உள்ளே வந்தன. இரண்டு நிமிஷ வேலை. இதற்கா இரண்டு வருஷம் என்று எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது.

அடுத்த இரண்டு நாள் அவரிடம் நான் பேசவில்லை. கையைக் காட்டினேன், அவர் செய்தார். தரையைப் பினாயில் ஊற்றித் தேய்த்தார். மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகைகளைப் பிரித்துச் சுவரில் தட்டு அடித்தார். துணிக்கு ஒரு கொடி, பாய்களுக்கு ஒரு மூலை, என் பழைய புடவையைக் கிழித்துப் பிரசவத்துக்கு ஒரு திரை. சட்டைகளைத் துவைத்து வரப்போகிற பிள்ளைக்கு எடுத்து வைத்தேன். வீணாய்ப் போனதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. சிவப்புக் கம்பளியை மட்டும் வெயிலில் உலர்த்தி, மடித்து, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் முதலில் வேண்டாம் என்றாள். அக்கா, இது உங்களுடையது, மூன்று வருஷம் தாமதமாகிவிட்டது என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவரும் வாசலில் நின்று பார்த்தார். அது அம்மாவுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பத்தாம் நாள் மிஸ்ஸி வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், சரி என்றாள். அடுத்த மாதம் அந்தத் திரைக்குப் பின்னால் பையன் பிறந்தான். தீட்டுக் கழிந்த அன்று அவர் பாசார் கடைகளிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் கம்பளி, நீல நிறம். பிள்ளையின் மேல் போர்த்திவிட்டு நின்றார். யாருக்கு என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஊருக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டுப் பையனைப் பார்த்தார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த இடத்தில் வேறொருத்தி அழுதிருப்பாள், சிரித்திருந்தாலும் சிரித்திருப்பாள். எனக்கு இரண்டும் வரவில்லை.

"இதை ஒரு புள்ளைக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும்" என்றேன்.