அக்காவிடம் கேட்டுப் பாடிய பாட்டு

என் முதல் ஆல்பத்தில் அப்பா எங்களை விட்டுப் போன நாளைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. டிரம்ஸும் கிட்டாருமாக இரைச்சலான பாட்டு. அதை எழுதும்போது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய புகுந்த வீட்டில் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டு அவளிடம் துருவித் துருவி விசாரித்திருக்கிறார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் அவள் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது ஆல்பத்துக்குப் பியானோவும் வயலினும் செல்லோவும் போதும் என்று முடிவு செய்தேன். முத்தியால்பேட்டையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தரும் என் தோழியின் வீட்டு முன்னறையில்தான் ஒத்திகை. ஆறு பாட்டுகளில் ஒன்று அக்காவுக்காக எழுதியது. அதிலும் அப்பா வந்தார். அதைப் பாடிக் காட்டியதும் தோழி பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மொதல்ல போய் அவங்கள கேளு. வேணாம்னு சொன்னா நான் வாசிக்க மாட்டேன்."

மறுநாள் காலை ஸ்கூட்டரில் உழவர்கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். பின்னாலேயே போய், வந்த காரியத்தைச் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். நான் எந்த வாத்தியமும் இல்லாமல் பாடினேன். பெட்டியோடு அப்பா தெருமுனை திரும்பும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்பா பொட்டி எதுவும் எடுத்துக்கினு போகலடி. வெறுங்கையாத்தான் போனாரு. அதான் சாயங்காலம் வந்துடுவாருன்னு நெனச்சேன். ரொம்ப நாளு அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

அப்போது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினான்கு. பெட்டி எப்படி என் நினைவில் வந்தது என்று தெரியவில்லை. அவள் காத்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அவள் சமையல் மேடையில் சாய்ந்து நின்று அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

பெட்டியை எடுத்துவிட்டு அந்த வரியைத் திருத்தினேன். பாடலாம் என்றாள், ஆனால் ஒலிப்பதிவுக்குத் தானும் வருவேன் என்றாள்.

பதிவன்று தோழியின் முன்னறையில் தெருச்சத்தம் வராமல் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். செல்லோ வாசித்தவருக்கு வியர்வை சொட்டியது. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதல் பதிவு முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று தோழி அவளிடம் கேட்டாள்.

"வயலின் ஜாஸ்தியா இருக்கு. இவ என்ன சொல்றான்னே கேக்கல."

வயலின்காரர் சிரித்துவிட்டார். பிறகு அப்பா போகும் வரியில் அவர் வாசிக்காமலே விட்டுப் பார்த்தோம். பியானோவின் இரண்டு சுரங்களும் என் குரலும் மட்டும் நின்றன. அதுதான் ஆல்பத்தில் இருக்கிறது.

வெளியான அன்று அந்தப் பாட்டைப் புகுந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அக்காவே போட்டாள். என் தங்கச்சி பாடினது என்று கீழே எழுதியிருந்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். போன வாரம் மூன்றாவது பாட்டில் ஒரு சொல் புரியவில்லை என்று நெடுநேரம் குறைபட்டுக்கொண்டாள்.