சூளை நிலத்தில் பிச்சி

தோவாளையில் சுயம்புவின் செங்கல் சூளை நின்றுபோனபோது மிஞ்சியது, வெந்து சிவந்த ஒரு துண்டு நிலம்தான். புல்கூட முளைக்காத அந்த மண்ணில் பிச்சிப்பூ வைக்கப்போகிறேன் என்று அவன் மனைவி தாணம்மாள் சொன்னது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

ஆற்றுமணலில் கம்பு ஊன்றி வேர்பிடிக்கவைத்த கன்றுகளை வரிசையாக நட்டாள். சாணம் போட்டாள், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். எல்லாம் மஞ்சளித்துச் சாண் உயரத்திலேயே நின்றுவிட்டன. கிணற்றோரத்துச் செடி மட்டும் கருகருவென்று படர்ந்தது. அது அவள் அக்கா செல்லத்தாயின் தோட்டத்திலிருந்து வேர்மண்ணோடு பெயர்த்து வந்தது.

அதன் அடியைத் தாணம்மாள் கையால் மெல்லக் கிளறினாள். வேரைச் சுற்றிச் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் ஓடின.

எட்டிப் பார்த்த சுயம்பு பதறினான். "ஏட்டி, பூசணம் புடிச்சிருக்கு! புடுங்கி எரிச்சிரு. மத்ததையும் கெடுத்துப்போடும்."

"கெடுக்கதுன்னா இதுல்லா மொதல்ல கெட்டிருக்கணும்? எலையப் பாரும், எண்ணெ தேச்ச மாதிரி மினுங்குது."

மற்றக் கன்றுகளின் அடியில் அந்த இழையே இல்லை. சூளைத் தீயில் செங்கல்லோடு மண்ணின் உயிரும் வெந்துபோயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பனையோலைக் கடவத்தோடு அக்காவின் முன் போய் நின்றாள். செல்லத்தாய் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எல்லாரும் பூ கேட்டு வருவா. மண்ணு கேட்டு வந்தவ நீ ஒருத்திதான் மக்கா."

ஆனாலும் பழைய பிச்சி மூட்டின் அடிமண்ணைத் தானே கொத்திக் கொடுத்தாள். திரும்பும் வழியில் சந்தைக்குப் போனவர்கள், "தாணம்மா, தலையில என்ன, பூவா?" என்று சீண்டினார்கள்.

"பூதான். இன்னும் பூக்கல்ல!"

ஒவ்வொரு கன்றின் வேரிலும் ஒரு கை மண் வைத்து மூடினாள். மழை பிடித்தது. சில பட்டுப்போயின, மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறிக் கொடி வீசின. அவள் ஓடி ஓடிப் பார்த்தாள். சுயம்புவோ எருமைக்குப் புல் அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்து வந்தான்.

அடுத்த வருஷம் முதல் பறிப்பு. சந்தைக்கு விடாமல் எல்லா அரும்பையும் தொடுத்து, தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தாள். கேலி செய்தவர்களுக்கு ஒரு முழம் கூடுதல்.

"எல்லாத்தையும் குடுத்திட்டியாட்டி?" என்றான் சுயம்பு.

"நாளைக்கும் பூக்கும்லா?"

கூடையில் கிடந்த கடைசித் துண்டுச் சரத்தை எடுத்து, தெருவே பார்க்க அவள் கொண்டையில் அவன் செருகினான். தாணம்மாள் வெட்கப்பட்டு அந்தத் தெரு பார்த்தது அன்று ஒருநாள்தான்.