கார்நிழலின் குரல் தேன்மொழி

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் கீபோர்டைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றபோது தேன்மொழியின் தங்கை அழைத்தார். "அக்கா காத்தால போயிருச்சுங்கண்ணா" என்றவர் அப்பாவிடம் போனைக் கொடுத்தார். "வந்துருங்க சாமி" என்றார் பெரியவர். எங்கள் கார்நிழல் குழுவின் பாட்டைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேன்மொழி திருச்செங்கோட்டுக்காரர், கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளர். ஞாயிறுதோறும் பஸ் ஏறி அம்மாபேட்டையில் என் வீட்டு மாடிக்கு வருவார். சாவையும் தனிமையையும் கனத்த கிதாரோடு பாடும் கோதிக் ராக்கைத் தமிழில் செய்து பார்ப்பது என்று நாங்கள் நால்வர் துணிந்திருந்தோம். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவர்; இசை என்னுடையது.

முதல் ஆல்பத்தைப் பக்திப் பாடல்கள் பதிவாகும் ஒரு ஸ்டுடியோவில் பதிவுசெய்தோம். சித்திரை வெயிலில் கறுப்புச் சேலையோடு வந்து நின்றவரைப் பார்த்து அதன் உரிமையாளர் திகைத்துவிட்டார். இரண்டு பாட்டு முடிந்ததும், "எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்குதுங்களே?" என்றார்.

"எளவூட்டுலதானுங்க பாட்டு மனசுக்குள்ள வரைக்கும் போவுது," என்றார் தேன்மொழி.

இன்று கேட்டால் அதில் டிரம்ஸ் அங்கங்கே பின்தங்குகிறது. ஆனாலும் எதற்கும் பயப்படாத நால்வரின் துடிப்பு அதில் இருக்கிறது.

இரண்டாவது, அவருடைய அம்மா இறந்த ஆண்டில் வந்தது. அதில் சாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவின் தலையணை, தோசைக்கல், அடிக்காத போன் என்று பாட்டெல்லாம் வீட்டுப் பொருள்கள். ஏன் என்று கேட்டேன். "சாவுன்னு எழுதுனா சின்னதாப் போயிருதுங்க," என்றார். எங்கள் ஆல்பங்களில் அதுவே சிறந்தது.

மூன்றாவதில் நான் தவறினேன். நிறையப் பேர் கேட்க வேண்டும் என்ற ஆசையில் துள்ளல் தாளம் சேர்த்தேன். அவரைக் கேட்காமலே கணினியில் அவர் குரலை மழமழவென்று ஆக்கினேன். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "இது யாருங்க?" என்றார். தன் குரலை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன், வேறொருவரைப் பாடவைத்து ஆல்பத்தை வெளியிட்டேன். யாரும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டுத் திருச்செங்கோட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். "கீபோர்டு கொண்டாந்தீங்களா?" என்றார், கரகரத்த, எனக்குப் பழக்கமில்லாத குரலில்.

நான்காவது ஆல்பத்தை அவர் வீட்டு முன்னறையிலேயே பதிவுசெய்தோம். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்த இடத்தில், இன்னொரு டேக் போகலாமா என்றேன்.

"இப்ப எனக்கு இருக்கற கொரலு இதுதானுங்க. இதைய அழிச்சுப்போட்டு யாரை வெப்பீங்க?"

நான் எதையும் அழிக்கவில்லை. மூன்றாவது ஆல்பத்தைப் பற்றி அவர் நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அன்று சாவு வீட்டில், எங்கள் கச்சேரி எதற்கும் வராத அவருடைய அப்பா என் அருகில் வந்து உட்கார்ந்தார். "புள்ள பாடுனது எத்தனை இருக்குது சாமி?"

"ஆல்பம் நாலுங்கய்யா. ஒண்ணுல மட்டும் அவங்க இல்லீங்க."

"அதைய உட்டுருங்க. மத்ததை மொதல்ல இருந்து போடுங்க."

போட்டேன். கடைசிப் பாட்டு முடியும்வரை அவர் என் கையை விடவில்லை.

தேன்மொழியின் நினைவாக அந்த மூன்று ஆல்பங்கள் என்னிடம் இருக்கின்றன. நான் கேட்காமல் விட்ட மன்னிப்பும் என்னிடமேதான் இருக்கிறது.