பூசைத் தட்டில் லைப்ரரிப் புத்தகம்

கனடாவில், வன்கூவருக்குச் சற்றுத் தள்ளி நான் இருக்கும் ஊரில், பிள்ளைகள் இரவு உடுப்போடு நூலகத்துக்கு வருகிறார்கள். மாதத்தில் ஒரு மாலை 'பஜாமா கதை நேரம்'. கையில் துணிக் கரடியோடு, கம்பளத்தில் கிடக்கும் புத்தகங்களை மிதித்துக்கொண்டே ஓடுவார்கள். முதல் தடவை கண்டபோது தாங்க முடியாமல் குனிந்து, மிதிபட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். பக்கத்தில் நின்ற தாய் ஒருத்தி, நான் அழுகிறேனாக்கும் என்று டிஷ்யூ நீட்டினாள்.

அந்த நூலகத்தில்தான் எங்களுக்கு ஆங்கில வகுப்பு. செங்கலடியில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்த நான், இங்கே புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எழுத்தையும் இலக்கத்தையும் பார்த்துத் தேடப் பழகுகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் நூல்கள் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. ரீச்சர் எடுத்துத் தந்ததைத்தான் வாசித்தோம். இங்கே நானே போய் நானே எடுக்கலாம் என்பதை நம்பவே பல நாள் பிடித்தது. வகுப்பு முடிவில், நாங்களே தேடியெடுத்த கதையொன்றைப் பிள்ளைகளுக்கு வாசிக்க வேண்டும். தேறினால்தான் பாலர் பள்ளி உதவியாளர் பயிற்சிக்குப் போகலாம். மறுபடியும் பிள்ளைகள் நடுவே உட்கார வேண்டும் என்பதைத் தவிர இந்த நாட்டில் எனக்கு வேறு ஆசை இல்லை.

என் முறை அடுத்த மாதம் என்றிருந்தேன். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கியபோது, என் ஆங்கில வகுப்புக் கொப்பியோடு, நான் எடுத்து வந்த, வாத்துப் படம் போட்ட தாராக்குஞ்சுக் கதையையும் சேர்த்தே வைத்தேன். அட்டையிலிருந்த தாராவின் நெற்றியில் சந்தனமும் வைத்தாயிற்று. அன்று மத்தியானம் ஆசிரியை லிண்டா போன் எடுத்தார். திருத்த வேலைக்காக நூலகத்தை மூடப்போகிறார்களாம். இன்று மாலை வாசி, இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றார்.

"இன்றைக்கு நான் புத்தகம் தொடக்கூடாது" என்றேன். லிண்டா குரலைத் தாழ்த்தி, "படிக்க விடாமல் வீட்டில் யார் தடுக்கிறார்கள்? உதவி வேண்டுமா?" என்று கேட்டார். தடுப்பவள் கல்விக்கே அதிபதி என்று எப்படி விளக்குவேன்? பக்கத்தில் கடலை அவித்தபடி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவருக்கு ரோசம் வந்துவிட்டது.

"நான் எப்பகா உன்னப் படிக்க வேணாமெண்டு சொன்ன?"

பின்னேரம் வரை தட்டுக்கு முன்னாலேயே இருந்தேன். வெளிக்கிடும் நேரம் நெருங்க, மனம் கேளாமல் செங்கலடியில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்ச விடிஞ்சிட்டுகா. விசயதசமி. கோயில்ல பிள்ளையளுக்கு ஏடு தொடக்கப் போறாங்க. நீ எடுத்து வாசி."

"இஞ்ச இன்னும் பூசை நாள், அக்கா."

"அவ இஞ்சயும் இருக்கா, அங்கயும் இருக்கா. நீதான் ஒரு இடத்திலயும் இல்லாம நிக்கிறாய்."

சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னது பொய்யில்லை. கும்பிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் பக்கத்தில் நாக்குத் தடுமாறியது. இரண்டாம் பக்கத்தில் தாரா போலவே கத்திக் காட்டினேன்; பிள்ளைகள் என் மடிக்கே வந்துவிட்டார்கள். ஒரு சின்னப் பெட்டை அட்டையைத் தொட்டு, "தாராவுக்கு நெற்றியில் காயமா?" என்று கேட்டாள். "இல்லை, அதுக்கு இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் தொடங்குது" என்றேன். பின்னாலிருந்து லிண்டா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் தேறிவிட்டேன். அந்தச் சந்தோசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டி, "தா, திருப்பி வைப்பம்" என்றார்.

"வேணாம். இதுக்கு விடிஞ்சிட்டு."

தாராக் கதையை மேசையில் வைத்தேன். தட்டில் என் ஆங்கிலக் கொப்பி குங்குமத்தோடு அப்படியே இருந்தது. அதற்கு இன்னும் விடியவில்லை.