மோட்டார் ஓடாத மூன்று மாதம்

தமயந்தி அம்மா இறந்துவிட்டார்கள் என்ற சேதி வந்தபோது நான் ஏரிக்கரை மோட்டார் கொட்டகையில் இருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். துப்புரவு மேஸ்திரி முனுசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"ஏழுமல, அம்மா பூட்டாங்கப்பா."

"எந்த அம்மா?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"நம்ம ஆபீஸ் அம்மாதான். காஞ்சிபுரத்துல, அவங்க வூட்லயே."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேல்நிலைத் தொட்டி நிரம்பி, வழிந்து, தண்ணீர் ரோடு வரைக்கும் ஓடிய பிறகு யாரோ கத்தினார்கள். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். அம்மா அங்கே இருந்திருந்தால், "வழிஞ்சது தண்ணி இல்லண்ணே, கரி" என்று சொல்லியிருப்பார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்னப் பேரூராட்சி எங்களுடையது. அங்கே இளநிலை உதவியாளராக அம்மா வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். கார் கம்பெனிகள் வரத் தொடங்கி, நாற்று பறித்த பையன்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பித்த நேரம். நான் அதற்கு முன்பிருந்தே தினக்கூலி மோட்டார் ஆபரேட்டர். எனக்கு எழுத்து வராது. ஆனால் மீட்டரில் பார்த்த எண் மனசில் நின்றால் நின்றதுதான், போகாது. காலை ஓட்டம் முடிந்ததும் கொட்டகை மீட்டரையும் தெருவிளக்கு மீட்டரையும் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய் வாயால் சொல்வேன்.

முதல் நாள் அம்மா, "ஒரு சீட்டுல குறிச்சிக்கிட்டு வாங்கண்ணே" என்றார்கள்.

"குறிக்கத் தெரியாதும்மா. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ."

சரி என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் நான் கிளம்பிய பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்து வந்து, மீட்டரைத் தாங்களே பார்த்துவிட்டுப் போனார்கள். இப்படி மூன்று நாள். நான்காம் நாள் வரவில்லை. "இனிமே உங்க வாய்தான்ணே எனக்கு மீட்டர்" என்றார்கள். படித்தவர்கள் யாரும் அதற்கு முன் என் வாய்க்கு அப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை.

அந்த வாயால் நான் அவர்களிடம் ஒரே ஒரு பொய் சொன்னேன்.

அவர்கள் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஆனிக் கடைசி. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. அரை மணி ஓட்டி, நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி போட வேண்டும். அன்றைக்குப் பிள்ளைப்பாக்கத்தில் என் தங்கை பேத்திக்குக் காது குத்து. மோட்டாரைப் போட்டுவிட்டு, முகத்தைக் காட்டிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று போனேன். பந்தியில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பாயசத்துக்குக் காத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்தபோது கொட்டகை முழுக்கத் தீய்ந்த வாடை. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், கருகிப்போயிருந்தது.

"என்னாச்சுண்ணே?" என்று அம்மா கேட்டார்கள்.

"வோல்டேஜ் கம்மிம்மா. என் கண்ணு எதிர்லயே புகை வந்துச்சு."

அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்கள். தினக்கூலி ஆளுக்கு ஒரு தப்பு போதும், மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவான். அந்தப் பயத்தில் சொன்னது.

கழற்றிக்கொண்டு போன மோட்டார் சீக்கிரம் திரும்பவில்லை. தீர்மானம் போட வேண்டும், மேலிடத்து ஒப்புதல் வர வேண்டும். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் ஊர் டேங்கர் லாரித் தண்ணீர்தான் குடித்தது. மீட்டரில் ஒரு எண் கூட நகரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் சென்னையிலிருந்து சிலர் வந்தார்கள். பூமி சூடாவதற்குக் காரணமான கரி வாயுவைச் சின்ன ஊர்களும் குறைக்கலாம், இத்தனை வருடத்தில் இவ்வளவு என்று நீங்களே ஒரு குறி வையுங்கள் என்றார்கள். ஆபீசில் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தவர் அம்மா ஒருவர்தான். பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது. வந்தவர்கள் முந்தின வருடத்தின் மொத்த மின்சாரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாதம் மாதமாகப் பார்க்கவில்லை. லாரி குடித்த டீசல் லாரிக்காரர் கணக்கு என்பதால் அதுவும் சேரவில்லை. 'அந்த வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைப்போம், மூன்று வருடத்தில்' என்று மன்றம் தீர்மானம் போட்டது. பஸ் நிறுத்தச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்கள்.

நான் அம்மாவிடம் கேட்டேன். "மோட்டாருக்கு ஏதும்மா புகை? குப்பைக்கு இருக்கு, செங்கல் சூளைக்கு இருக்கு. நம்ம மோட்டாரு கரண்டுல இல்ல ஓடுது?"

"உங்க மோட்டாரோட புகை வேற ஊர்ல வருதுண்ணே. கடலோரத்துல அனல் மின்நிலையத்துல நிலக்கரி எரிக்கிறாங்க. நீங்க இங்க ஸ்விட்ச் போட்டா அங்க எரியும்."

அன்று முதல் ஸ்விட்சில் கை வைக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் நெருப்பு மூட்டுவது போல இருக்கும்.

அம்மா வேலையில் இறங்கினார்கள். காலை பத்து மணி வரை எரிந்துகொண்டிருந்த தெருவிளக்குகளை விடிந்ததும் அணைக்கச் சொன்னார்கள். தலை இல்லாத தெருக்குழாய்களுக்கெல்லாம் தலை மாட்டினார்கள். குப்பையைக் கொளுத்தக் கூடாது, குழியில் போட்டு மக்க வைக்க வேண்டும் என்றபோது முனுசாமி தகராறு பண்ணினார்.

"கொளுத்துனா ஒரு தீக்குச்சிம்மா. நீ சொல்றதுக்கு நாலு ஆளு, ரெண்டு மாசம். குப்பைய இன்னா குழந்த மாதிரி வளக்க சொல்றியா?"

"வளங்க மேஸ்திரி. உங்க வீட்டுப் பிள்ளைங்கள விட சொன்ன பேச்சு கேக்கும்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மறுநாளே முனுசாமி குழி வெட்டினார்.

கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் குழாயைத் திறந்து விட்டபடியே ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். அம்மா நேரே போய்க் கேட்டார்கள். ஒருத்தன், "எங்க ஊர்ல தண்ணி எப்ப வரும்னு தெரியாதுக்கா. வாரப்ப பிடிக்கணும்லா, அதான் திறந்தே கெடக்கு" என்றான்.

"இங்க ஆறரைக்கு வரும் தம்பி. ஏழுமலை அண்ணே உசுரோட இருக்கற வரைக்கும் ஆறரைதான். நம்பி மூடிட்டுப் போ."

அவன் நம்பினான். அதற்கப்புறம் ஒரு நாளாவது ஆறரை தாண்டியிருந்தால் கேளுங்கள்.

ஊர் பெருத்துக்கொண்டே போயும் மோட்டார் ஓடுகிற நேரம் குறைந்தது. அது எனக்கு உடம்பிலேயே தெரிந்தது. ஆகவே மூன்றாம் வருடம் முடிந்து மன்றக் கூட்டம் கூடியபோது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். அம்மா கணக்கை வாசித்தார்கள். அடிப்படை வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறையவில்லை. குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருந்தது.

ஒரு கவுன்சிலர் எழுந்தார். "மூணு வருஷமா ஊர இருட்டுல போட்டு, கொயாய மூடி, கடசீல கணக்கு ஏறிக்கினு கீது. சொவுத்துல எய்தினதுதான் மிச்சம்!" கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் நின்றபடி நான் எண்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த வருடம் ஆனிக் கடைசியில் நின்ற எண்ணும் ஐப்பசியில் ஆரம்பித்த எண்ணும் ஒன்றே. அவர்கள் அளவுகோலாக எடுத்தது மோட்டார் மூன்று மாதம் ஓடாத வருடத்தை! ஓடியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தால், எங்கள் ஊர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைத்திருந்தது.

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, மோட்டார் ஏன் நின்றது? பதிவேட்டை எடுப்பார்கள். காயில் கட்டிய கடைக்காரரைக் கூப்பிடுவார்கள். அம்மா தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"குறி எட்டலைங்க. பொறுப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தார்கள்.

ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆனது. தெருவிளக்கு பத்து மணி வரை எரிந்தது. குழிகளை மூடிவிட்டுக் குப்பையைக் கொளுத்தினார்கள். சுவரில் வீட்டுமனை விளம்பரம் வந்தது. அம்மா மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். போகிற நாளிலும் நான் சொன்ன எண்ணை எழுதிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

பிறகு சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, போன தை மாதம் காஞ்சிபுரம் போனேன். கை கால் வீங்கி, முகம் மட்டும் சின்னதாகிக் கிடந்தார்கள். அவர்கள் கணவர் காப்பி போட உள்ளே போனதும் சொல்லிவிட்டேன்.

"வோல்டேஜ் இல்லம்மா. நான்தான் வுட்டுட்டுப் போனேன்."

"தெரியும்ண்ணே."

"எப்படிம்மா?"

"வருஷக் கணக்கு இடிக்குதேன்னு ரெண்டாம் வருஷமே பாத்தேன். அந்த மூணு மாசம் கண்ல பட்டுது. ஆதாரத்துக்கு ரசீது வாங்கலாம்னு காயில் கட்டுற கடைக்குப் போனேன். வெறுமனே ஓடித்தான் கருகிச்சுன்னு அவர் சொன்னாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். உங்களுக்காக மட்டும்னு நெனச்சிக்காதீங்க. பார்க்காம கையெழுத்துப் போட்டது நானு. எனக்கும் பயம். புள்ளைங்க படிச்சிக்கிட்டிருந்தாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள். "அந்தக் கூட்டத்துல நீங்க வாயத் திறப்பீங்கன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். நீங்க திறந்திருந்தா நானும் எழுந்து சொல்லியிருப்பேன். ரெண்டு பேருமே வாயத் திறக்காம விட்டுட்டோம்."

நான் அழுதேன். அவர்கள் அழவில்லை. "நான் இருக்கற வரைக்கும் வேணாம். போனப்பறம் ஊர்ல சொல்லிடுங்கண்ணே. நம்ம ஊரு தோத்துச்சுன்னு இருக்கக் கூடாது" என்றார்கள்.

அடக்கம் முடிந்து முனுசாமியும் நானும் பஸ்ஸில் திரும்பி வந்தோம். வாலாஜாபாத் தாண்டியதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் புரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன்.

"அப்ப நாம ஜெயிச்சிட்டமா?"

"ஜெயிச்சிட்டோம்."

"அடப் பாவி" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தோத்துட்டோம்னு சொன்னதாலதான ஏழுமல நான் குழிய மூடினேன். ரெண்டு வருஷமா தெனமும் கொளுத்திக்கினு கீறேனே."

நான் வாயால் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது இது; படிக்கிறவர்கள் ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள். அந்த வருடம் மோட்டார் மூன்று மாதம் ஓடவில்லை. காரணம் நான். அம்மா எழுதியது நான் சொன்ன பொய்யை. அவர்கள் வைத்த குறி எட்டப்பட்டது. பேரூராட்சி என்னை வேலையை விட்டு அனுப்பினால் போகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முனுசாமி வீட்டுக்குப் போகவில்லை. குப்பைமேட்டுக்குப் போனார். காலையில் வைத்த நெருப்பு அடியில் கனன்றுகொண்டிருந்தது. குட்டையிலிருந்து நான் மொண்டு கொடுக்கக் கொடுக்க அவர் ஊற்றினார். புகை அடங்கவில்லை. தண்ணீர் பட்டதும் வெள்ளையாக, இன்னும் அதிகமாகக் கிளம்பி எங்கள் இரண்டு பேரையும் மூடிக்கொண்டது. அதற்குள் நின்று அவரும் அழுதார், நானும் அழுதேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

அம்மா, நான் வாயைத் திறந்துவிட்டேன். நேரம் கடந்துதான் திறந்தேன். மன்னித்துப் போய் வாருங்கள்.