முகலுலா கொடுத்த ஆறு விளக்குகள்

கியம்பாலாவில் கை சுத்தமான ஆள் யார் என்று கேட்டால், சந்தையில் வாழைத்தார் இறக்குகிறவன்கூட முகலுலாவின் பெயரைத்தான் சொல்வான். நகராட்சியில் தெருவிளக்கு மேஸ்திரி அவர். கம்பத்துக்குக் குழி வெட்டும் கூலியாகச் சேர்ந்து, ஏணி பிடித்து, ஏணியில் ஏறி, கடைசியில் மற்றவர்களை ஏறச் சொல்லும் இடத்துக்கு வந்தவர். இரட்டைப் பெண்களுக்குத் தகப்பன் என்பதால் ஊரே அவரைச் சலோங்கோ என்று கூப்பிடும். இரட்டையரைப் பெற்றவள் என்பதால் அவர் மனைவி நலோங்கோ. அந்தப் பட்டத்தைவிட அவருக்குப் பிடித்தது தன்னுடைய நல்ல பெயர். கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

மழை பிடித்ததும் மசாக்கா சாலை நெடுகிலும் வெட்டுக்கிளி இறங்கும். கூரைமேல் தகரங்களைச் சாய்த்து நிறுத்தி, நடுவில் கண் கூசும் மெர்க்குரி விளக்கைக் கட்டி, கீழே பீப்பாய்களை வைத்துவிட்டால் போதும். வெளிச்சத்துக்கு வந்த வெட்டுக்கிளி தகரத்தில் மோதி வழுக்கிப் பீப்பாய்க்குள் விழும். வெங்காயம் போட்டு வறுத்தால் தெரு முழுக்க மணக்கும். ஆனால் முகலுலா வெட்டுக்கிளிக் குலம். குலச்சின்னத்தைத் தின்னவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. பருவம் வந்துவிட்டால் அவரைச் சீண்டாத ஆள் கிடையாது.

"என்ன சலோங்கோ, உங்க சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கிட்டாங்க போல!"

"வந்தவங்களை மரியாதையா நடத்துங்கடா. சட்டியில உக்காரவச்சுடாதீங்க," என்பார்.

போன வருடம் நகராட்சி ஒரு காலநிலைத் திட்டம் போட்டது. அதற்கென்று வந்த அதிகாரி நாமுலோண்டோ, சிரிக்காமல் வேலை பார்க்கும் இளம்பெண். பழைய மெர்க்குரி விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுவது, மின்சாரச் செலவு பாதிக்கும் கீழே இறங்கும், அந்த மிச்சத்தில், அதுவரை ஒரு கம்பம்கூடப் பார்க்காத கசாலிக் குடியிருப்புக்கு விளக்கு போடுவது, இதுதான் திட்டம். நிதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். கழற்றிய விளக்கு ஒவ்வொன்றையும் எண்ணி ஒப்படைக்கவேண்டும், அவர்கள் கொண்டுபோய் நொறுக்குவார்கள்.

"இங்க அணைச்ச விளக்கு வேற எவன் கூரையிலயோ எரிஞ்சா, நாம எதை மிச்சம் புடிச்சோம்? உள்ள பாதரசம் வேற. உடைஞ்சா கண்ணுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு," என்று கூட்டத்தில் சொன்னார் நாமுலோண்டோ. "ஆனா இந்த ஊர்ல மெர்க்குரி விளக்குக்கு அலையாத ஆள் யாரு? கழட்டினதை வைக்கிற கிடங்குச் சாவியை யார்கிட்ட குடுக்கிறது?"

நகராட்சிச் செயலர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஒரே ஒருத்தர் இருக்கார். வெட்டுக்கிளின்னாலே எழுந்து நின்னு வணக்கம் சொல்ற ஆளு. சலோங்கோ, சாவியைப் புடிங்க."

கூட்டம் கை தட்டியது. முகலுலாவுக்கு நெஞ்சு விம்மிப்போனது. வீட்டுக்குப் போய் அதை மனைவியிடம் மூன்று தடவை சொன்னார்.

கிடங்குக்கு ஒரு காவல்காரர் உண்டு, லுட்டாயா. கசாலியில் குடியிருப்பவர். வெட்டுக்கிளி என்றால் உயிரை விடுகிறவர். முன்பு வீட்டுக்குப் பின்னால் ரெண்டு தகரம் நிறுத்தி அவரும் பிடித்துப் பார்த்ததுண்டு. விளக்குகள் வந்து குவிந்த வாரம் அவருடைய சித்தப்பா இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். விடுப்பு கேட்டால் கிடைக்காது.

"சலோங்கோ, மத்தியானம் மட்டும் இங்க உக்காந்திருங்க. மண்ணைப் போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"போய்ட்டு வாங்க. செத்தவங்களைக் காக்க வைக்கக் கூடாது," என்றார் முகலுலா. நல்ல மனதோடுதான் சொன்னார்.

லுட்டாயா போன கொஞ்ச நேரத்தில் நலோங்கோவின் அண்ணன் செம்வாங்கா சின்ன லாரியோடு வந்து நின்றார். முகலுலா பெண் கேட்டுப் போனபோது, கம்பம் ஏறுகிறவனுக்கா பெண் என்று அந்த வீடே முகம் சுளித்தது. தங்கையைக் கொடுத்தால் இவனுக்குத்தான் என்று எழுந்து நின்றவர் செம்வாங்கா ஒருவர்தான். அதற்குப் பிறகு மச்சான் கேட்டு முகலுலா இல்லை என்று சொன்னதே கிடையாது.

"ஆறே ஆறு, மச்சான். எரிய வைக்கிற சோக்குப் பெட்டியோட குடுங்க. பருவம் முடிஞ்சதும் கொண்டாந்து வச்சுடறேன். அதுக்குள்ளயா வந்து எண்ணப்போறாங்க?"

"இது என் பொறுப்பு மச்சான். அதோட எங்க குலம்…"

"நீங்களா புடிக்கிறீங்க? நான்ல புடிக்கிறேன். குலம் என்ன, கம்பத்துல ஏறி வந்து பாக்குமா?"

சிரித்துக்கொண்டே சொன்னார். முகலுலாவும் சிரித்தார். சிரித்த கையோடு கதவைத் திறந்துவிட்டார். ஒரு காசு வாங்கவில்லை. பின்னால் இதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளப் பார்த்ததுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது. காசு வாங்கியிருந்தால் பேராசை என்றாவது சொல்லியிருக்கலாம். மச்சான் முன்னால் பெரிய மனிதராக நிற்கவேண்டும் என்ற சின்ன ஆசைதான் அது.

பருவம் முடிவதற்குள் விளக்குகளை நொறுக்கக் கொண்டுபோகும் வண்டி வந்துவிட்டது. நாமுலோண்டோ தானே உட்கார்ந்து எண்ணினார். ஆறு குறைந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் ஆறு குறைந்தது. செயலர் நேராக லுட்டாயாவைத்தான் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நீ இங்க இல்லைன்னு சைக்கிள் கடைக்காரன் சொல்றான். எங்கய்யா போனே?"

"அடக்கத்துக்குப் போனேன் ஐயா. தப்புதான்."

"அப்ப யாரை உக்காரவச்சுட்டுப் போனே?"

லுட்டாயா ஒரு கணம் முகலுலாவைப் பார்த்தார். "யாரையும் இல்ல ஐயா. பூட்டித்தான் இருந்துச்சு, அப்படியே விட்டுட்டுப் போனேன்."

தன் பெயரைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்பது முகலுலாவுக்குப் புரிந்தது. நான்தான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கையிலிருந்த சாவியைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தபின் லுட்டாயா கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "உதவிக்கு வந்தவர் பேரை நான் எதுக்கு இழுக்கணும்? நீங்க கவலைப்படாதீங்க சலோங்கோ. ராத்திரிதான் எவனாவது ஓட்டைப் பிரிச்சு எடுத்திருப்பான்."

கணக்கு சரியாகும்வரை நிதி கிடையாது என்று எழுதிவந்தது. கசாலிக்கு வரவேண்டிய கம்பங்கள் நகராட்சி முற்றத்திலேயே கிடந்தன. கசாலிக்காரர்கள் கோபத்தை யார்மேல் காட்டுவார்கள்? திருடன் கூடவே குடியிருக்கும்போது தேடிப் போகவேண்டுமா என்ன! ஒருநாள் சாயங்காலம் தண்ணீர்க் குழாய்ப் பக்கமாகப் போன முகலுலாவின் காதிலேயே விழுந்தது. லுட்டாயாவின் மகள் நாகிட்டோ மஞ்சள் கேனோடு வரிசையில் நின்றிருந்தாள்.

"ஏண்டி, உங்கப்பா வெட்டுக்கிளிதான் தின்பாருன்னு நெனச்சோம். எங்க விளக்கையும் சேத்துத் தின்னுட்டாரே!"

"செமிச்சுச்சான்னு கேளுடி. வயித்துக்குள்ள இன்னும் எரியுதாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் வரிசையை விட்டு விலகி, காலிக் கேனோடு வீட்டுக்கு நடந்தாள். முகலுலா குழாயடிக்குப் போகாமல் திரும்பினார். அன்று ராத்திரி, தன்னைப்போல ஒரு ஈனப்பிறவி இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியும் அடுத்த நாள் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் வேலைக்குப் போனார்.

விசாரணை நடந்த திங்கட்கிழமை, லுட்டாயாவைப் போலீஸில் கொடுப்பது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அப்போதுதான் முகலுலா எழுந்தார்.

"அவர் எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

செயலர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உக்காருங்க சலோங்கோ! வெட்டுக்கிளிக் குலத்துக்காரர் வெட்டுக்கிளி புடிக்க விளக்கு குடுத்தாராம். நாளைக்குப் பாதிரியார் சாராயம் காய்ச்சுறார்னும் சொல்வீங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

நாமுலோண்டோ மட்டும் சிரிக்கவில்லை. "சரி, யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

மச்சானின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. முகலுலா தரையைப் பார்த்தார். அந்த மௌனம் எல்லோருக்கும் போதுமானதாகிவிட்டது.

"பாத்தீங்களா, பேர் கேட்டா முழிக்கிறார்," என்றார் செயலர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு ஏழையைக் காப்பாத்த தன் தலையையே குடுக்கிறார்யா இந்த மனுஷன். சலோங்கோ முகத்துக்காக விடறேன். போலீஸ் வேண்டாம். லுட்டாயா, நாளையிலேர்ந்து சந்தைக் கழிப்பறை வாசல்ல உக்காரு."

முகலுலா உட்கார்ந்தார். நாற்காலி உடம்பைத் தாங்கிய அந்த நிமிடம் அவருக்குள் ஒரு நிம்மதி பரவியது. சொல்லியும் ஆயிற்று, தப்பித்தும் ஆயிற்று. மற்ற எதையும்விட அந்த நிம்மதிக்காகத்தான் அவர் பிறகு தன்னைக் காறித் துப்பிக்கொண்டார். ஊரில் அவர் பெயர் இன்னும் ஒரு படி உயர்ந்தது. சந்தையில் எழுந்து நின்று வழி விட்டார்கள்.

அந்த வாரமே செம்வாங்கா தங்கைக்கு ஒரு பை வெட்டுக்கிளி அனுப்பிவைத்தார். கொண்டுவந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "உங்க வீட்டு விளக்கு சும்மா சூரியன் மாதிரி எரியுது நலோங்கோ! பக்கத்துக் கூரைக்காரனெல்லாம் வயிறெரியறான்," என்று சொல்லிவிட்டுப் போனான். நலோங்கோ பையை அவிழ்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பையை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து கணவனுக்குச் சாப்பாடு போடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் லுட்டாயா ஒரு சேவலைக் கையில் இடுக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தரையில் மண்டியிட்டுச் சேவலை நீட்டினார்.

"எனக்காக யாரும் எழுந்து நின்னதில்ல சலோங்கோ. நீங்க உங்க பேரையே மண்ணுல போட்டீங்க. என் பேரப்பிள்ளை வரைக்கும் இதைச் சொல்வேன்."

"எழுந்திரிங்க, முதல்ல எழுந்திரிங்க," என்றார் முகலுலா. அவரால் சேவலை வாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார். ஆம், வாங்கிக்கொண்டார்.

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த நலோங்கோ அதைப் பார்த்தார்.

"அதைத் திருப்பிக் குடுங்க," என்றார்.

"நலோங்கோ, நீ உள்ள…"

"அவர் உங்களைக் காப்பாத்தல, லுட்டாயா. கேட்டுக்கோங்க. அந்த ஆறு விளக்கும் எங்கண்ணன் கூரைமேல எரியுது. இவர்தான் கதவைத் திறந்து குடுத்தார், நீங்க உங்க சித்தப்பாவுக்கு மண்ணு போட்டுக்கிட்டு இருந்த நேரத்துல."

லுட்டாயா சிரிக்கப் பார்த்தார். பிறகு முகலுலாவின் முகத்தைப் பார்த்தார். அவர் மறுத்துவிடவேண்டும் என்று அந்தக் கண்கள் கெஞ்சியதைத்தான் முகலுலாவால் தாங்க முடியவில்லை.

"இவங்க என்ன சொல்றாங்க சலோங்கோ?"

"நெசத்தைத்தான் சொல்றா."

லுட்டாயா எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். சேவலைத் திரும்ப வாங்கி இடுக்கிக்கொண்டார். திட்டுவார் என்று முகலுலா காத்திருந்தார்; திட்டினால் நன்றாக இருக்கும்.

"விளக்கு எண்ணின அந்த மேடம்கிட்ட திங்கக்கெழமை சொல்லிக்கலாம்," என்றார் லுட்டாயா. "இப்ப என்கூடக் குழாயடிக்கு வாங்க. என் பொண்ணு அங்கதான் நிக்கிறா. அவளைப் பேசினவங்களும் நிப்பாங்க. அவங்க முன்னால சொல்லுங்க. யாருக்குக் குடுத்தீங்கன்னும் சொல்லுங்க."

முகலுலா மனைவியைப் பார்த்தார். சொல்லப்போவது அவர் அண்ணன் பெயர். நலோங்கோ சம்மதமாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

கசாலிக்குப் போகும் ஏற்றத்தில் லுட்டாயா முன்னால் நடந்தார். குழாயடியில் நல்ல கூட்டம். முகலுலாவைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"தள்ளுங்கடி, சலோங்கோ வர்றார்! உக்காருங்க சலோங்கோ." வரிசையில் முதலில் நின்றவள் தன் கேனைக் கவிழ்த்துப்போட்டு, இடுப்புத் துணியால் துடைத்து, அவர் உட்காருவதற்குத் தள்ளிவைத்தாள். மூன்றாவதாக நின்றிருந்த நாகிட்டோ தலை நிமிரவில்லை.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஒன்றையும் விடாமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார், லாரியைச் சொன்னார், தானே கதவைத் திறந்ததைச் சொன்னார், செம்வாங்காவின் பெயரை அவருடைய ஊரோடு சேர்த்துச் சொன்னார். நாகிட்டோ காதால் கேட்ட பேச்செல்லாம் தனக்கு வரவேண்டியது என்றும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஒரு கேன் நிரம்பி வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உட்காரக் கவிழ்த்துப்போட்ட தன் கேனை, வரிசையில் முதலில் நின்றவள் குனிந்து எடுத்தாள். நிமிர்த்தி, நாகிட்டோவின் கேனுக்குப் பின்னால் வரிசையில் வைத்தாள்.