பீங்கானில் ஏறிய தண்ணீர்

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுக் கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அடைப்புதான் என்று மூங்கில் பிளாச்சால் குத்தினேன். குத்தக் குத்தத் தண்ணீர் மேலே ஏறியது. பக்கத்து அறையில் என் மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. எதிர்வீட்டுக்காரர் கூன் விழுந்த நெட்டை மனிதர். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். தினமும் விடியலில் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு ஏறியிருக்கு சார்" என்பார்.

"ஆத்துக்குத் தும்மல் வந்தாலும் உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்" என்று கேலி செய்வேன்.

தண்ணீர் பீங்கானைத் தாண்டித் தரையில் பரவியது. நாற்றத்தைவிட வண்டல் வாடைதான் அதிகம். அப்போது கொல்லைப்புறமாக எதிர்வீட்டுக்காரர் வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"குத்தாதீங்க சார். இது அடைப்பில்ல. ஆத்துத் தண்ணி மண்ணுக்கடியில வந்து கக்கூஸ் தொட்டியில ஏறிடுச்சு. பொண்ணை மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க."

பிளாச்சைப் போட்டுவிட்டு மகளை வாரித் தூக்கினேன். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழேயே நின்றிருந்தார். பின்னால் அவர் மனைவி, தலையில் படுக்கைச் சுருட்டு, இடுப்பில் குழந்தை. அந்த நேரத்திலும் அவர் ஏன் அனுமதிக்காகக் காத்து நின்றார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"எங்க வீட்டுக்கு மாடி இல்ல சார். நாங்களும் வரலாமா?" என்றார்.